ஒருவழிப் பயணத்துக்கு ஒரு பழைய கார்

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் புதிய கார்களின் கதையையே எழுதியிருக்கிறார்கள். ஹென்றி போர்ட், டெட்ரோய்ட் நகரத் தொழிற்சாலைகள், ஆண்டுதோறும் சந்தைக்கு வந்த புதிய வடிவங்கள் ஆகியவை பற்றி நூல்கள் ஏராளம். அந்தக் கார்கள் மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் போய்ச் சேர்ந்த பின்னர் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கூறியவர்கள் சிலரே. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் பெரும் இடப்பெயர்வுகளில் ஒன்று அத்தகைய பழைய கார்களில்தான் நடந்தது. 1930களில் ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சோ, மிசூரி ஆகிய மாநிலங்களிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் கலிபோர்னியாவுக்குச் சென்றார்கள். வீட்டிலிருந்த சட்டிபானைகளை விற்றும் உறவினரிடம் கைமாற்று வாங்கியும் சில பத்து டொலர்களைத் திரட்டி, பாவித்த கார் ஒன்றை வாங்கிப் புறப்பட்டவர்கள் அவர்களுள் பலர். திரும்பி வருவதற்கான பெற்றோலுக்கு எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஏழை விவசாயி ஒருவரால் கார் வாங்க முடிந்தது எவ்வாறு என்ற கேள்வி நம்மவர்களுக்கு எழுவது இயல்பே. இலங்கையில் அக்காலத்தில் கார் என்பது தோட்டத்துரைமாரினதும் பிரபல வழக்கறிஞர்களினதும் உடைமை. அமெரிக்க நிலைமை வேறு. 1908இல் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் மொடல் டி கார், 1927இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்பனையானது. ஆரம்பத்தில் 850 டொலராக இருந்த விலை, 1920களின் நடுப்பகுதியில் மலிவான வகைக்கு 260 டொலராக இறங்கியது. போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸ், ஆண்டுதோறும் புதிய வடிவம், தவணைமுறைக் கட்டணம் என்னும் இரு வழிகளால், ஓடக்கூடிய காரையே பழசு என்று எண்ண வைத்தது. புதியதை வாங்குவோர் பழையதைக் கழிவு விலைக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார்கள். விற்பனையாளரின் முற்றங்களில் பழைய கார்கள் குவிந்தன. 1929இல் பொருளாதாரம் சரிந்தபோது புதிய கார்களின் உற்பத்தியும் சரிந்தது. அவ்வாண்டு 53 இலட்சமாக இருந்த வாகன உற்பத்தி, 1932இல் 13 இலட்சமாகக் குறைந்தது. ஆயினும் மக்கள் தம்மிடமிருந்த காரைக் கைவிடவில்லை. தர்மச்சாலைக்குக் காரில் போகும் முதலாவது நாடு அமெரிக்காதான் என்று நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் கேலியாகச் சொன்னதாகக் கூறுவார்கள்.

அவர்கள் ஏன் புறப்பட்டார்கள்? 1935 ஏப்ரல் 14 ஆம் திகதி எழுந்த கரும்புழுதிப் புயல் உலகப் பிரசித்தமானது. புழுதியே அனைவரையும் துரத்தியது என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து நிலைத்துவிட்டது. உண்மையில், சென்றவர்களிற் பெரும்பாலோர் புயல் வீசிய மேட்டுநிலத்தைச் சேர்ந்தவர்களல்லர். பருத்தி விளைந்த பகுதிகளின் குத்தகைக் குடிகளும் வாரக்குடிகளுமே அவர்கள். பருத்தியின் விலை வீழ்ந்திருந்தது. 1933இல் கொண்டுவரப்பட்ட விவசாயச் சட்டம், பயிரிடும் பரப்பைக் குறைத்தால் பணம் தருவதாகக் கூறியது. பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரரைச் சென்றடைந்தது. குறைக்கப்பட்ட பரப்பில் உழுதுகொண்டிருந்த குடியானவர் வெளியேறினார். சொந்தக்காரரிற் சிலர் அந்தப் பணத்தில் உழவு இயந்திரம் வாங்கினார்கள். இவ்வாறு, ஓர் இயந்திரம் வெளியேற்றிய குடும்பம் இன்னோர் இயந்திரத்தில் ஏறிச் சென்றது.

பாவித்த கார் விற்கும் முற்றத்தில் நடந்த பேரம் தனியாக ஆராயத்தக்கது. வாங்குபவர் ஊரைவிட்டே போகப்போகிறவர். குறை கண்டாலும் திரும்பி வந்து முறையிடமாட்டார். விற்பவருக்கு இது நன்கு தெரியும். தேய்ந்த பற்சக்கரங்களின் இரைச்சலை மறைக்க எண்ணெயோடு மரத்தூளைக் கலந்து இடுவது அக்கால வணிகத்தில் பேர்பெற்ற தந்திரம். சில மைல் தூரம் கார் சத்தமின்றி ஓடும். அதற்குள் பணம் கைமாறிவிடும். ஜோன் ஸ்டெய்ன்பெக் 1939இல் வெளியிட்ட ‘தி கிரேப்ஸ் ஒவ் ராத்’ நாவலின் ஏழாவது அத்தியாயம் முழுவதையும் இத்தகைய முற்றம் ஒன்றுக்கே ஒதுக்கியிருக்கிறார். அவர் இதைக் கற்பனையில் மட்டும் கண்டவரல்லர். 1936 ஒக்டோபரில் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ பத்திரிகைக்காக இடம்பெயர்ந்த தொழிலாளரின் முகாம்களுக்குச் சென்று ஏழு கட்டுரைகள் எழுதியவர். நாவலின் வேர் பத்திரிகைப் பணியில் இருந்தது என்பதை எம் தொழிலைச் சேர்ந்தோர் சற்றுப் பெருமையுடன் நினைவுகூரலாம்.

பாதை 66ஆம் இலக்க நெடுஞ்சாலை. சிக்காகோவிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் வரையான இப்பாதைக்கு 1926இல் இலக்கம் இடப்பட்டது. முழுமையாகச் செப்பனிட்டு முடித்தது 1938இலேயே. ஒக்லஹோமா நகரிலிருந்து கலிபோர்னியாக் கரைவரை ஏறத்தாழ 1,300 மைல். மெத்தை, அடுப்பு, கோழிக்கூடு, பாட்டி, குழந்தைகள் எனப் பாரம் ஏற்றிய பழைய கார் அத்தூரத்தை ஓடுவது எளிதன்று. அரிசோனாவின் ஓட்மன் மலைப்பாதையில் மொடல் டி கார்கள் பின்பக்கமாக ஏறின. காரணம் எளியது. அக்காரின் பெற்றோல் தாங்கி இருக்கையின் கீழ் இருந்தது, பம்பி கிடையாது, பெற்றோல் தானாக வழிந்து இயந்திரத்தை அடையவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் இயந்திரம் தாங்கிக்கு மேலே உயர்ந்துவிட, வழிந்தோட்டம் நின்றுவிடும். பின்பக்கமாக ஏறினால் தாங்கி உயரத்தில் இருக்கும். பின்செல்லும் கியரின் இழுவைச் சக்தியும் அதிகம். மலையைக் கடந்ததும் கொலராடோ ஆறு. அதற்கப்பால் மொஹாவி பாலைவனம். பகல் வெப்பத்தில் ரேடியேட்டர் கொதிக்கும், ரயர் வெடிக்கும் என்பதால், காரின் முன்புறத்தில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு இரவில் பாலைவனத்தைத் தாண்டினார்கள்.

ரயர் என்ற சொல்லில் சற்றே நிற்போம். இப்பயணத்தின் உண்மையான முதல் அதுவே. இயந்திரம் பழுதானால் கம்பியும் தோல்துண்டும் கொண்டு ஒப்பேற்றலாம். ரயர் போனால் பயணம் நின்றுவிடும். அந்த ரயருக்கான றப்பர் மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றது. 1922 முதல் 1928 வரை பிரித்தானியா ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயா, இலங்கை ஆகியவற்றின் றப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியது. 1925இல் ஓர் இறாத்தல் றப்பர் ஒரு டொலரைத் தாண்டியபோது, அன்றைய அமெரிக்க வர்த்தகச் செயலாளர் ஹேபேர்ட் ஹூவர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். பொருளாதார மந்தம் வந்ததும் அதே றப்பர் 1932இல் மூன்று சதத்துக்கு விழுந்தது. இலங்கையில் தோட்டங்கள் வேலையைக் குறைத்தன. தமிழ்த் தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒக்லஹோமாவின் குடியானவரும் களுத்துறையின் பால்வெட்டும் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியார். இருவரையும் ஒரே சந்தைதான் பெயர்த்தது.

கலிபோர்னியா சென்றவர்களுக்கு அந்தக் கார்தான் வீடு. அறுவடைக்கு அறுவடை இடம்மாற வேண்டியிருந்ததால் அதுவே தொழிற்கருவியும் ஆனது. கார் போனால் வேலையும் போகும். உலகப் புகழ்பெற்ற ஒரு புகைப்படத்தின் கதை இதை விளக்கும். 1936 முற்பகுதியில் நிப்போமோ என்ற இடத்திலிருந்த பட்டாணி பறிப்போர் முகாமில், அரச புகைப்படக் கலைஞர் டொரத்தியா லாங், பிள்ளைகள் சூழ அமர்ந்திருந்த ஒரு தாயைப் படம் பிடித்தார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று அறியப்படும் படம் அது. அம்முகாமில் எடுக்கப்பட்ட படங்கள் மார்ச்சில் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ பத்திரிகையில் வெளியானதும், அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவை முகாமுக்கு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து சென்றுவிட்டது.

உணவு வாங்குவதற்காக அக்குடும்பம் காரின் ரயர்களை விற்றுவிட்டது என்று லாங் 1960இல் எழுதிய நினைவுக்குறிப்பில் சொன்னார். 1978இல் ‘மொடெஸ்டோ பீ’ பத்திரிகையின் செய்தியாளர் அந்தத் தாயைக் கண்டுபிடித்தார். புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயரே அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. ஒக்லஹோமாவில் பிறந்த செரோக்கி இனப் பெண் அவர். புழுதிப் புயலுக்குப் பத்தாண்டுகள் முன்பே கலிபோர்னியா வந்தவர். அவர்களது ஹட்சன் கார் பழுதாகி நின்றதாலேயே அன்று முகாமில் தங்க நேர்ந்தது. பையன்கள் பழுதுபார்க்கப் பட்டணத்துக்குப் போயிருந்தார்கள். ரயர் விற்ற கதையை மகன் ஒருவர் உறுதியாக மறுத்தார். அவர்களிடம் இருந்த ரயர்கள் ஹட்சனில் பூட்டியிருந்தவை மட்டுமே. அதே காரில்தான் அவர்கள் அங்கிருந்து புறப்பட்டார்கள்.

பல ஆண்டுகள் செய்தி மேசையில் படக்குறிப்பு எழுதியவன் என்ற முறையில் இச்சம்பவத்தை நான் சிறு தவறாகக் கொள்வதில்லை. ரயரை விற்றவர்கள் என்றால் கைவிடப்பட்டவர்கள், இரக்கத்துக்கு உரியவர்கள். ரயரை விற்காதவர்கள் என்றால் நாளை வேறு வயலுக்குப் போகும் திட்டமுள்ள உழைப்பாளிகள். ஒரே ஒரு விவரம் மனிதரின் நிலையையே மாற்றிவிடுகிறது. இரக்கத்துடன் எழுதும்போதும் ஏழையின் மதியூகத்தை நாம் அழித்துவிடக் கூடாது.

பழைய கார் இன்னொன்றையும் செய்தது. அது தன் சொந்தக்காரரைக் காட்டிக்கொடுத்தது. கலிபோர்னிய எல்லையில், பழங்களில் வரும் பூச்சிகளைத் தடுப்பதற்காக விவசாயச் சோதனைச் சாவடிகள் இருந்தன. 1935 நடுப்பகுதியிலிருந்து அங்கிருந்த அதிகாரிகள், கூலிவேலை தேடிக் கார்களில் வருவோரையும் எண்ணத் தொடங்கினார்கள். 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், தமது நகரத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் அப்பாலுள்ள மாநில எல்லைகளுக்கு 136 பொலிஸாரை அனுப்பி, 16 இடங்களில் வழிமறித்தார். பாரமேற்றிய பழைய காரும் கையில் காசின்மையுமே சந்தேகத்துக்குப் போதுமானவையாயிருந்தன. எதிர்ப்புகளின் நடுவே அந்நடவடிக்கை அவ்வாண்டிலேயே முடிவுக்கு வந்தது. ஆனால், மாநிலச் சட்டம் ஒன்று எஞ்சியிருந்தது. வேற்று மாநில வறியவர் ஒருவரை, அவர் வறியவர் என்று தெரிந்தும் கலிபோர்னியாவுக்குள் அழைத்து வருவது குற்றம் என்றது அச்சட்டம்.

அச்சட்டத்தில் அகப்பட்டவர் பிரெட் எட்வேட்ஸ். கலிபோர்னியாவின் மேரிஸ்வில் நகரில் வசித்த அவர், 1939 டிசம்பரில் தமது காரில் டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பேர் என்ற ஊருக்குச் சென்று, வேலையற்றிருந்த மைத்துனர் பிராங்க் டங்கனை அழைத்து வந்தார். 1940 ஜனவரி 1ஆம் திகதி புறப்பட்டு 5ஆம் திகதி வந்து சேர்ந்தார்கள். புறப்படும்போது டங்கனிடம் இருந்தது சுமார் 20 டொலர். மேரிஸ்வில் சேர்வதற்குள் அதுவும் முடிந்துவிட்டது. உறவினரைக் காரில் ஏற்றி வந்ததற்காக எட்வேட்ஸுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அது ஒத்திவைக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1941 நவம்பர் 24ஆம் திகதி ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாகச் சட்டத்தைச் செல்லாததாக்கினர். 1837ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று வறியவர்களை ஒழுக்கக்கேட்டைப் பரப்பும் நோய்போல் கருதியிருந்தது. வறுமையும் ஒழுக்கக்கேடும் ஒன்றல்ல என்று கூறி, நீதியரசர் பேர்ன்ஸ் அக்கருத்தை ஒதுக்கினார். ஒருவரின் கையில் காசு இல்லை என்பது அவரது குடியுரிமையைக் குறைக்காது என்பது நீதியரசர் ஜாக்சன் தனியாக எழுதிய கருத்தின் சாரம்.

இரு வாரங்களுக்குள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. யப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளின் இயற்கை றப்பருக்கு இலங்கையே பிரதான ஆதாரமாகியது. அமெரிக்காவில் முதன்முதலாகப் பங்கீடு செய்யப்பட்ட பொருள் ரயர்தான். கலிபோர்னியாவின் கப்பல் தளங்களும் விமானத் தொழிற்சாலைகளும், நேற்றுவரை ‘ஓக்கி’ என்று இகழப்பட்டவர்களை வேலைக்கு அழைத்தன.

அந்த றப்பருக்காகப் பால்வெட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பிப்பவர் வாழ்க்கைக்கு உறுதியான வருமானமோ தொழிலோ தமக்கு உண்டெனக் காட்டவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. அமெரிக்க நீதிமன்றம் 1941இல் தள்ளிவிட்ட கேள்வியை, எட்டே ஆண்டுகளில் எமது பாராளுமன்றம் சட்டமாக எழுதிக்கொண்டது. உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்ட பின்னரே நீ யார் என்று கேட்கும் அரசுக்கு, பாரமேற்றிய பழைய காரும் ஒன்றுதான், தகரப்பெட்டியும் ஒன்றுதான்.