எடுத்துக்காட்டின் மொழி

கணினிக்குக் கட்டளையிடும் கலையைப் பற்றி நூல் எழுத முற்படுவோர், எழுதத் தொடங்குமுன் விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. நூலில் வரும் எடுத்துக்காட்டுகளை எந்த நிரல்மொழியில் அமைப்பது என்பதே அது. சிறிய வினாவாகத் தோன்றினும், மாணவன் நூலைத் தொடர்ந்து படிப்பானா, பத்தாம் பக்கத்தில் மூடிவைத்து விடுவானா என்பது பெரும்பாலும் இதனைப் பொறுத்தே அமைகிறது. ஆதலின், இவ்வினாவின் வரலாற்றை இன்று சிறிது கூற விழைகிறேன்.

அமெரிக்கப் பேரறிஞர் டொனால்டு குனூத், கணினி நிரலாக்கக் கலை பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை 1968-இல் வெளியிட்டார். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் காண யூக்ளிட் வகுத்த முறையை முதலில் எளிய உரைநடையில் படிப்படியாக விளக்கிய அவர், பின்வரும் நிரல்களுக்கென ஒரு கற்பனைக் கணினியையே படைத்தார். அதன் பெயர் மிக்ஸ். உரோம எண்முறையில் அச்சொல் 1009-ஐக் குறிக்கும். உண்மைக் கணினிகளின் மொழிகள் விரைவில் வழக்கொழிந்து போகும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் காலம் கற்பனைப் பொறியையும் விட்டுவைக்கவில்லை. மிக்ஸ் பழமையடைந்தது, அதன் இடத்தில் எம்மிக்ஸ் என்னும் மற்றொரு கற்பனைக் கணினியை அவரே வகுக்க நேர்ந்தது. யூக்ளிடின் முறையோ இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறது!

இனி நம் பக்கத்து ஊருக்கு வருவோம். மறைமலை நகர் தொடங்கி ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் பொறிகளை இயக்கும் கட்டளைகள் பல, ஏணி வரைபடம் என்னும் மொழியில் எழுதப்படுகின்றன. இதன் பிறப்பு கருதத்தக்கது. 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஒவ்வொரு மாற்றத்திற்கும் கம்பிகளைக் கழற்றிப் பூட்ட வேண்டாத கட்டுப்பாட்டுக் கருவியொன்றை நாடியது. அதன் பயனாக மோடிகான் 084 தோன்றியது. தொழிற்சாலை மின்பணியாளர் ரிலேச் சுற்றுகளை ஏணிப்படிகள் போல் வரைந்து பழகியிருந்தனர். அவர்கள் கைப்பழக்கத்தையே புதிய கருவியின் மொழியாக்கினர் அதனை அமைத்தோர். 1993-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட ஐந்து மொழிகளுள் ஏணி வரைபடமும் ஒன்று. படிப்பவர் முன்பே அறிந்ததிலிருந்து தொடங்குதல் என்னும் கொள்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அந்நகருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டு, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். அறிவுத்துறை நூல்கள் தமிழ்ச் சொற்களாலேயே இயலும் என்னும் அவருடைய நம்பிக்கை கணினிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்று காட்ட முயன்றவர் முத்து அண்ணாமலை. அவர் உருவாக்கிய எழில் என்னும் நிரல்மொழியில் 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்பனவே கட்டளைச் சொற்கள். ஆங்கிலச் சொற்களால் ஆன மொழிகளில் 'இஃப்' என்பது முதலில் நிற்க, நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே வர, 'ஆனால்' பின்னே நிற்கும். தமிழ்த் தொடரின் இயல்பும் அதுவேயன்றோ!

எனினும் ஒரு தடை எழுகிறது. எழிலைக் கற்ற மாணவன் வேலைக்குச் செல்லுமிடத்தில் எழில் வழங்குவதில்லை. அங்கே ஏணி வரைபடமோ, சீ++ மொழியோ, பைதானோ அவனை எதிர்நோக்கும். நம் மாநிலப் பாடநூல் இவ்விடத்தில் ஒரு நடுவழியைக் காட்டுகிறது. 2018-இல் வந்த 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் சீ++ மொழியைக் கொண்டது. 2019-இல் வந்த 12-ஆம் வகுப்பு நூலோ பைதானை உடனே தொடங்கவில்லை. முதல் நான்கு இயல்கள் செயற்கூறு முதலிய கருத்துகளைப் பெரும்பாலும் கணக்குக் குறியீட்டை ஒத்த நடையில் விளக்குகின்றன. ஐந்தாம் இயலிலேயே பைதான் இலக்கணம் தொடங்குகிறது. கருத்து முன், கருவி பின் என்பது அந்த அமைப்பு.

இவ்வரலாற்றிலிருந்து நான் கொள்ளும் முடிபு ஒன்றே. மாணவனைத் தடுப்பது எது என்று முதலில் அறிந்து, அத்தடையை நீக்கும் மொழியைத் தேர்தல் வேண்டும். சொல் புரியாமை தடையாயின் எழில் போன்ற தாய்மொழி வாயில் நன்று. பட்டறைப் பயிற்சி இன்மை தடையாயின் பட்டறையின் மொழியே நன்று. தமிழ் வழியில் பயிலும் இளைஞர் பலர், கருத்து விளங்காமல் அன்று, அயல்மொழிச் சொற்களைக் கண்ட அச்சத்தாலேயே இத்துறையை விட்டு விலகுகின்றனர். அவர்களை மனத்தில் இருத்தி எழுதுவோர் பெருக வேண்டும். மாணவர்களே, நீங்களும் ஒரு நிரலைக் கற்றபின் அதே கருத்தை மற்றொரு மொழியில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் மாறாது எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே நீங்கள் கற்ற கல்வி.