அந்த நாள்: சொல்லப்படாத ஒரு சாட்சியம்

1954-இல் ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ ஒரு துப்பாக்கி வேட்டுடன் தொடங்குகிறது. கதாநாயகன் ராஜன் (சிவாஜி கணேசன்) முதற்காட்சியிலேயே பிணமாகிறான். பாட்டில்லை, நடனமில்லை. காலம், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர்.

குரோசவாவின் ‘ராஷோமோன்’ (1950) இதற்கு முன்னோடி என்பர். அங்கே கள்வன், மனைவி, மாண்ட வீரனின் ஆவி ஆகிய மூவரும் பழியைத் தத்தம்மேல் ஏற்றுக்கொள்கின்றனர். இங்கோ ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகின்றனர். தம்பி தன் மனைவியையே காட்டுகிறான்! கோப்புகளுக்கிடையே காலந்தள்ளும் என்போன்றோர்க்கு இம்முறை புதிதன்று.

முடிவில் உண்மை வெளிப்படுகிறது. வானொலிப் பொறியாளனான ராஜன், தன் திறமையை அரசு புறக்கணித்த கசப்பில் ஜப்பானுக்கு ஒற்றனானான். தேசப்பற்று மிக்க மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கையிலிருந்த துப்பாக்கியே அவனைச் சாய்த்தது.

ஆனால் அதே 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். அவர்களுக்கு ஜப்பான் நேச நாடு. ராஜன் கசப்பினால் சென்றவன். அவர்கள் விடுதலை வேண்டிச் சென்றவர்கள். படத்தின் சாட்சியர் எவரும் அவர்களைப் பற்றிப் பேசவில்லை.