கேடயம் ஏந்திய வீரர்கள்

ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த சக்குபள்ளம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள மலையூர். அங்கிருந்து கிழக்கே மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கோடு மலைமுகட்டிலே நிலைத்தது. ஏலமும் ஆட்களும் அக்கோட்டைத் தினந்தோறும் கடந்தனர், புத்தகங்களும் கடந்தன. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட சித்திரக்கதை வீரர்களுக்கும் எல்லைகளே பெரும் சோதனையாக இருந்தன. சொந்த நாட்டுக்காகப் போர் புரியும் வீரன் அயல்நாட்டுச் சிறுவன் கைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகிறான்?

முதலில் அவன் பிறந்த இடத்தைப் பார்ப்போம். 1940 ஜனவரியில் அமெரிக்காவில் 'ஷீல்டு' என்ற வீரன் தேசக்கொடியையே உடையாக அணிந்து தோன்றினான். அவ்வாண்டு டிசம்பரில் 'கேப்டன் அமெரிக்கா'வின் முதல் இதழ் கடைக்கு வந்தது. அட்டையில் அச்சிட்ட தேதி 1941 மார்ச். படைத்தவர்கள் ஜோ சைமன், ஜேக் கிர்பி என்னும் இருவர். யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அந்த அட்டையில் வீரன் ஹிட்லரின் தாடையில் குத்து விடுகிறான். அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதோ 1941 டிசம்பரில்தான். அரசாங்கம் நடுநிலை பேசிக்கொண்டிருந்த காலத்தில் சிறுவர் புத்தகம் போர்ப்பிரகடனம் செய்துவிட்டது என்று சொன்னால் தவறில்லை. அதற்காக மிரட்டல் கடிதங்களும் வந்தன. நியூயார்க் மேயர் லகார்டியாவே சைமனைத் தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்பு அளிப்பதாகக் கூறினார் என்று சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார். வீரனின் முக்கோணக் கேடயம் 'ஷீல்டு' வீரனின் மார்புக் கவசத்தை ஒத்திருக்கிறது என அந்தப் பதிப்பகத்தார் ஆட்சேபித்ததால், இரண்டாவது இதழிலேயே அது வட்டமாயிற்று. பின்னர் உலகப்புகழ் பெற்ற வட்டக் கேடயத்தின் பூர்வோத்தரம் இதுதான்!

யுத்தம் முடிந்ததும் அவனுக்கு வேலையில்லாமற் போயிற்று. 1954-இல் கம்யூனிஸ்டுகளை அடிப்பவனாக அவனை எழுப்பிப் பார்த்தார்கள். மூன்று இதழ்களோடு அம்முயற்சி நின்றது. 1964-இல் பனிக்கட்டியில் உறைந்து கிடந்தவனாக மீண்டும் வந்தான். 1974-இல் வாட்டர்கேட் ஊழலின் காலத்தில், தன் அரசாங்கத்தின் மீதே நம்பிக்கை இழந்து, பெயரையும் உடையையும் சில காலம் துறந்தான். தேசபக்திக் கதைகளில் நமக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுவே. எதிரியை அடிப்பது எளிது. தன் வீட்டில் நடக்கும் அநீதியைக் கண்டு தயங்கி நிற்பதைச் சிறுவர் புத்தகத்தில் வரைவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இனி நம் நாடு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கேதான் சுவை அதிகம். 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் 'இந்திரஜால் காமிக்ஸ்' வரிசையைத் தொடங்கியது. அதன் நாயகன், 1936-இல் லீ பாக் படைத்த வேதாளன். மூலக்கதையில் அவனுடைய வனத்தின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியது. இந்தியப் பதிப்பில் அது 'டெங்காலி' ஆயிற்று. கடற்கொள்ளையர் கூட்டத்தின் பெயர் 'சிங்'. அது 'சிங்கா' ஆயிற்று. ராமா என்ற கொலைகாரன் 'ராமலு' ஆனான். ஓர் எழுத்தைக் கூட்டியும் ஓர் எழுத்தை மாற்றியும் சுதந்திர இந்தியாவின் மானம் காக்கப்பட்டது! சிரிக்கலாம், ஆயினும் அயலான் வரைந்த வனத்தில் தன் மக்களின் பெயர் கொள்ளையனுக்கு வைக்கப்பட்டிருப்பதை ஒரு பதிப்பாசிரியர் கண்டு திருத்தினாரே, அதுவும் ஒருவகைத் தேசபக்தி என்றே நாம் மதிக்கிறோம்.

அதே வரிசையில் 1976 டிசம்பரில் ஆபித் சுர்தி எழுதிய 'பகதூர்' வந்தான். அவன் கொள்ளைக்காரனின் மகன். தந்தையைச் சுட்ட போலீஸ் அதிகாரியைப் பழிவாங்கப் புறப்பட்டு, உண்மை உணர்ந்து, ஊர்மக்களைக் காக்கும் படை அமைத்தவன். மந்திர சக்தி கிடையாது. கொடியை உடுத்தவும் இல்லை. நம் மண்ணில் பிறந்தவன் என்பது அவன் நடையிலேயே தெரியும். பின்னர் 1990-களில் இந்தியில் 'திரங்கா' என்ற வீரன் மூவர்ணத்தையே உடையாக்கிக் கேடயமும் ஏந்தி வந்தான். அவனைப் பார்த்ததும் 1941-இன் நினைவே நமக்கு எழுகிறது.

தமிழில் நடந்தது வேறு. 1972-இன் தொடக்கத்தில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். அவ்வாண்டு ஜனவரி 26-ஆம் தேதிதான் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் பிரிட்டனின் 'வாலியண்ட்' வார இதழில் தோன்றி, ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியரின் தூரிகையில் உருவானவன். வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட அவன் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். கை மட்டும் தெரியும். முதற்கதையில் கெட்டவன், பிறகு உளவுப்படையில் சேர்ந்து நல்லவன் ஆகிறான்.

ஆங்கில ஆட்சி போய் இருபத்தைந்து ஆண்டு நிறைவதற்குள், ஆங்கில உளவாளி ஒருவன் தமிழ்ச் சிறுவரின் வீரனானான்! அதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. 'கேப்டன் அமெரிக்கா' என்ற பெயரை எப்படி மொழிபெயர்த்தாலும் அமெரிக்கா அதில் நிற்கும். 'இரும்புக்கை மாயாவி'யில் எந்த நாடும் இல்லை. இரும்பும் கையும் மாயாவியும் நம் பாட்டிமார் கதைகளில் உள்ள சொற்கள். சொல்லின் வழியே அவன் குடியுரிமை பெற்றான்.

சரித்திர வீரர்களைச் சித்திரத்தில் தரும் பணியை 1967-இல் அனந்த் பை தொடங்கிய 'அமர் சித்திர கதா' மேற்கொண்டது. ஜான்சிராணி, பகத்சிங், சுபாஷ் சந்திர போஸ், நம் பாரதியார் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். இவ்வரிசை பல மாநிலக் குழந்தைகளுக்கு ஒரே பாரதத்தைக் காட்டியது உண்மை. ஆனால் பல தலைமுறைகளாக மலையேறி ஏலக்காய் பறித்துவரும் கூலியாளுக்கு அந்த வரிசையில் எந்த அட்டை என்று கேட்கத் தோன்றுகிறது. வண்டன்மேட்டு ஏலச்சந்தைக்கும் போடிநாயக்கனூர்ச் சந்தைக்கும் போகும் ஒவ்வொரு மூட்டையிலும் அவர் உழைப்பு இருக்கிறது.

இடுக்கி மலைகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன; அங்கே படிக்கும் பிள்ளைக்குப் பேச்சுக் குமிழியில் உள்ள தமிழ் தடையின்றிப் புரியும். டில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கு அக்குமிழி வெறும் படமே. சிவகாசியிலிருந்து முத்து, லயன் இதழ்கள் சந்தாதாரர்களுக்கு இன்னமும் போய்க்கொண்டிருக்கின்றன. மாயாவியின் பழைய கதைகளும் மறுபதிப்பாக வந்துள்ளன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து சொற்றொடர்களே இருக்கும். மீதியைப் படம் சொல்லிவிடும்.