ஹரப்பா செங்கல் மேல் ஓடிய ரயில்

ரயில் பாதை போட்டதால்தான் சிந்துவெளி கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது.

சார்லஸ் மாசன் 1820களிலேயே ஹரப்பா மேட்டைப் பார்த்துவிட்டார். 1831 இல் அலெக்சாண்டர் பர்ன்ஸ் போனார். அலெக்சாண்டர் கன்னிங்காம் 1853 இலும் 1856 இலும் போனார். லாகூர் – முல்தான் பாதை வேலை நடந்தது அதற்கும் பிறகு. ஆக, இடம் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்தச் சமவெளியில் கல் கிடைக்காது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்ட ஜல்லி வேணும். ஒப்பந்தக்காரருக்கு மேடு முழுக்கச் சுட்ட செங்கல், அதுவும் சும்மா! சுமார் 100 மைல் பாதைக்கு அந்தச் செங்கல் போதுமானதாக இருந்தது என்று கன்னிங்காமே பின்னாளில் எழுதினார். 1921 இல் தயாராம் சஹானி அங்கே தோண்ட ஆரம்பித்தபோது மிஞ்சியதைத்தான் தோண்டினார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. 'தெரிந்திருப்பது' மட்டும் ஒரு இடத்தைக் காப்பாற்றாது. வேலை தொடங்குவதற்கு முன்னால் "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்ல ஒருத்தருக்கு அதிகாரம் இருக்கணும்.

இங்கிலாந்தில் 1990 இல் வந்த திட்ட வழிகாட்டுதல் அந்த வரிசையை மாற்றியது. முதலில் பழைய வரைபடம், வான்படம், பிறகு வயலில் நடந்து தேடுதல், சோதனைக் குழி, கடைசியில்தான் கட்டுமானம். செலவு கட்டுபவர் தலையில். அதிவேக ரயில் திட்டத்துக்காக லண்டன் யூஸ்டன் நிலையம் அருகே பழைய இடுகாட்டை அப்படித்தான் அகழ்ந்தார்கள். ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்து வரைபடமாக்கிய மாத்யூ ஃப்ளிண்டர்ஸின் கல்லறை தொலைந்தே போச்சு என்றிருந்தார்கள். 2019 ஜனவரியில், சவப்பெட்டி மேலிருந்த ஈயத் தகடு அவர் பெயரைச் சொன்னது. இங்கேயும் ரயில்தான் வந்தது. முந்திக்கொண்டது கரண்டி.

நம்ம சட்டத்துக்கு வருவோம். 1958 ஆம் ஆண்டுச் சட்டமும் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். நல்ல வேலிதான். ஆனால் அது ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட இடத்துக்கான வேலி. வயல் நடுவே பானை ஓடு சிதறிக் கிடக்கும், பெயர் இல்லாத மேட்டைச் சுற்றி எந்த வட்டமும் இல்லை.

நெடுஞ்சாலைக்குக் கரை உயர்த்த மண் தேடி லாரி முதலில் போவது அப்படிப்பட்ட மேட்டுக்குத்தான். அதனால் சாலை போகும் கோட்டை மட்டும் ஆய்ந்தால் போதாது, மண் எடுக்கும் இடத்தையும் நடந்து பார்க்கணும். ஹரப்பாவை அழித்தது தண்டவாளம் போன வழி அல்ல. அதற்கு ஜல்லி எடுத்த வழி.