ஊர்தோறும் பாடியவர்: அருணகிரியார் வரலாற்றில் கதையும் சான்றும்

அருணகிரிநாதர் திருவண்ணாமலையிற் பிறந்தவரா, வந்து சேர்ந்தவரா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் இவ்வூர் அவரைத் தன் மகனாகவே கொண்டாடி வருகிறது. பரத்தையர் சேர்க்கை, பிணி, தமக்கையின் கடுஞ்சொல், வல்லாள மகாராசன் கோபுரத்தினின்று விழுதல், முருகன் கையில் ஏந்திக் காத்தல் எனத் தொடர்ந்து செல்லும் கதையை அறியாதார் நம்முள் இலர். கோபுரத்திளையனார் சந்நிதியில் நின்று அதனைக் கேட்குங்கால் நெஞ்சு நெகிழாதாரும் அரியர். வரலாறு எழுதப் புகுவோனுக்கோ இக்கதை பெரியதோர் இடர்.

சான்று என்று கைக்கொள்ளத்தக்கது அவர் பாட்டு ஒன்றே. அதில் பிரபுடதேவராயன் என்னும் மன்னன் பெயர் வருகிறது. அவன் 1446-இல் மறைந்த விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் என்பது ஆய்வாளர் பலர் முடிபு. எனவே 15ஆம் நூற்றாண்டு என்பது ஒருவாறு உறுதியாகிறது. இன்று ஊருக்கே அடையாளமாய் 217 அடி உயர்ந்து நிற்கும் கிழக்கு இராசகோபுரம் கிருட்டிணதேவராயர் காலத்துத் திருப்பணி, அடுத்த நூற்றாண்டினது. அதனைச் சுட்டி 'இதிலிருந்துதான் விழுந்தார்' என்று குழந்தைகட்குக் கூறும் அன்பர்கள் நூறாண்டு முந்திவிடுகிறார்கள்!

பரத்தையர் மயக்கில் உழன்றேன் என்று அவரே பாடியிருக்கிறாரே எனலாம். பாட்டில் வரும் 'நான்' பாடுவோனின் பிறப்புச் சான்றிதழ் அன்று என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உலகத்தார் குற்றத்தைத் தன்மேல் ஏற்றிப் பாடுதல் நம் பக்திப் புலவர்களின் பழைய மரபு. அம்மரபினைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அருணகிரியாரின் இளமை குறித்து நமக்குக் கிட்டுவது மிகச் சிறிதே.

கிட்டுவது அவர் நடந்த வழி. அறுபடை வீடுகளோடு அவர் நின்றாரில்லை. இருநூறுக்கு மேற்பட்ட தலங்களுக்குப் பாட்டு உண்டு; காஞ்சி, சிதம்பரம், வடக்கே காசி, கடல் கடந்து திருகோணமலை, கதிர்காமம், யாழ்ப்பாணம் வரை அவை பரந்து கிடக்கின்றன. திருச்சியை அடுத்த வயலூரை மட்டும் அவர் மறந்ததில்லை; வேறெங்கோ நின்று பாடும்போதும் அவ்வூர்ப் பெயர் வந்து நுழைகிறது. அங்குத்தான் பாட்டு மடை திறந்தது என்னும் மரபுச் செய்திக்கு இஃதொரு நல்ல அகச்சான்று. ஈயாத செல்வனைப் பாரியே என்று புகழ்ந்து வாயில்தோறும் நின்று வாடும் புலவர்களை அவர் பலகால் இடித்துரைக்கிறார். அத்தகைய வாயில்களைக் கடந்து நடந்தவரின் குரலாகவே அஃது என் செவிக்குப் படுகிறது.

ஊர் ஊராகப் பாடியவரின் இசை என்னவாயிற்று? தொலைந்தது. அவர் எந்தப் பண்ணில் பாடினார் என்பதை இன்று கூறுவார் யாருமிலர். ஆயினும் திருப்புகழ் மடியவில்லை. காரணம் சந்தம். குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் வகுத்த இடத்தில் வகுத்தபடியே அடிதோறும் திரும்பி வருதலால், தாளம் எழுத்துக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. அடியின் இறுதியில் வரும் தொங்கல் மூச்சுக்கு இடம் தருகிறது. ஏடு கையிற் கிடைத்தால் போதும். தாளத்தை வாயே கண்டுகொள்ளும்.

அந்த ஏடுகளும் சிதறித்தான் கிடந்தன. அவற்றுக்கு மீட்சி வந்த இடம் கோயிலன்று, நீதிமன்றம்! 1871-இல் சிதம்பரம் தீட்சிதர்கள் தம் பெருமைக்குச் சான்றாக வழக்கொன்றில் திருப்புகழ்ப் பாடலை எடுத்துக்காட்டினர். நீதிமன்றப் பணியிலிருந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை அதன் அழகில் நெஞ்சைப் பறிகொடுத்தார். பின்னர் முன்சீபாக உயர்ந்த அவர் ஊர்தோறும் ஏடு தேடினார். 1890-களில் முதற்பாகத்தை அச்சேற்றினார். பாடியவர் நடந்த வழிகளுள் பலவற்றில் நானூறு ஆண்டு கழித்துத் தேடுபவரும் நடக்க நேர்ந்தது. 1909-இல் அவர் மறைந்தபின் அவர் மைந்தர் தணிகைமணி செங்கல்வராய பிள்ளை பதிப்பும் உரையும் ஆராய்ச்சியுமாக அப்பணியைத் தம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தார்.

அச்சேறிய பாட்டு மீண்டும் ஊர்சுற்றப் புறப்பட்டது. மைசூர் அரண்மனையில் சமையற்பணி புரிந்தவர் என்று கூறப்படும் வள்ளிமலை சுவாமிகள் நடுவயதுக்குப் பின்னரே திருப்புகழில் ஈடுபட்டு, 1950-இல் மறையும்வரை அதனைப் பாடிப் பரப்பினார். ஆங்கில ஆண்டின் இறுதிநாளில் திருத்தணிப் படிதோறும் ஒரு பாட்டாகப் பாடி ஏறும் திருவிழா அவர் ஏற்படுத்தியது. கச்சேரி மேடையில், 1934-இல் மறைந்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை அரிய தாளங்களில் திருப்புகழைப் பாடி, பக்கவாத்தியக்காரர்களைத் திணறவைத்தார். 1964-இல் வந்த 'அருணகிரிநாதர்' படத்தில் டி. எம். சௌந்தரராசனே அருணகிரியாராக நடித்துப் பாட, சந்தம் தேநீர்க் கடை வானொலி வரை சென்றது. கூடவே, நாம் ஐயுற்ற அதே கதையும் சென்றது என்பதையும் கூறத்தான் வேண்டும்.

அவர் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. கிடைத்திருப்பவை ஆயிரத்து முந்நூற்றைச் சற்றே தாண்டுகின்றன. மரபு கூறும் எண்ணில் பாதியை மிகையெனத் தள்ளினாலும், ஏறத்தாழ ஏழாயிரம் பாட்டுக்கு ஏடு இல்லை.