முட்டுக்கட்டையின் வரலாறு

கொல்லிமலையின் மேல் பல நாடுகள் உண்டு. நாடு என்றதும் பேரரசுகளை எண்ணிவிட வேண்டாம். மலைவாழ் மக்கள் தம் ஊர்த் தொகுதிகளுக்கு இட்டு வழங்கும் பழம்பெயர் அது. அவற்றுள் ஒன்றாகிய பெரக்கரை நாட்டில், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே அமைந்த அன்பர் ஒருவரின் இல்லத்தில், மாணவர் சிலருடன் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தோம். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. சங்கப் புலவர்கள் பாடிய மலை. ஆயினும் இறங்கும் வழியில் எழுந்த பேச்சு ஓரியின் வில்லைப் பற்றியதன்று; வண்டியின் பிரேக்கைப் பற்றியது.

சோளக்காட்டிலிருந்து காரவள்ளி அடிவாரம் நோக்கி இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநர் இரண்டாம் கியரை மாற்றவே இல்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. பிரேக்கை அவர் மிதித்தது வளைவுகளில் மட்டுமே. மாணவன் ஒருவனுக்குப் பொறுமை போயிற்று.

"ஹஜ்ரத், பிரேக்கே போடாமல் விட்டால் ரோலர் கோஸ்டர் மாதிரி எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்றான்.

ஓட்டுநர் திரும்பிப் பாராமலே விடை சொன்னார்: "ஏறின கியர்லயே இறங்கணும் தம்பி. பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா அது சூடேறிப் போயிடும். வேணுங்கிற நேரத்துல பிடிக்காது."

அந்த மாணவன் எண்ணியது போல ரோலர் கோஸ்டர் என்பது பிரேக் இல்லாத வண்டிதானா? ஊர் திரும்பியபின் நாம் இதைத் தேடிப் படித்தோம். படித்ததில் அறிந்துகொண்டது, பொருட்காட்சி விளையாட்டு ஒன்றின் வரலாறாக மட்டும் இருக்கவில்லை.

இதன் மூதாதை ரஷ்ய நாட்டுப் பனிச்சரிவு. மரத்தால் உயரமான மேடை கட்டி, அதன் சரிவில் நீரூற்றி உறைய வைத்து, மக்கள் சறுக்குப் பலகைகளில் இறங்கினர். அடிவாரத்தில் வேகம் தணிய மணல் தூவினர். அந்த மணலே இவ்விளையாட்டின் முதல் பிரேக் எனலாம். 1817ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தார் பனிக்குப் பதில் சக்கரத்தையும் தடத்தையும் வைத்து இதனைத் தம் ஊரில் அமைத்தனர்.

அமெரிக்காவில் இதன் பிறப்பு நிலக்கரியோடு தொடர்புடையது. பென்சில்வேனியா மாநிலத்தின் மாக் சங்க் என்னுமிடத்தில் 1827இல் ஒரு மலைப்பாதை அமைத்தனர். நிலக்கரி ஏற்றிய வண்டிகள் தம் எடையாலேயே மலையிறங்கும். வேகத்தை அடக்க, நெம்புகோலைப் பிடித்தபடி ஓர் ஆள் கூடவே வருவான். வண்டிகளை மீண்டும் மேலே இழுக்க வேண்டிய கோவேறு கழுதைகளும் இறங்கும்போது வண்டியில் ஏறி வந்தனவாம்! பின்னாளில் நிலக்கரிக்கு வேறு வழி பிறந்தது; அந்தப் பாதையோ பணம் கொடுத்துப் பயணம் செய்வோரின் இன்பப் பாதையாயிற்று. 1884இல் நியூயார்க்கின் கோனித் தீவில் லாமார்கஸ் தாம்சன் அமைத்த வண்டி, மணிக்கு ஏறத்தாழ 6 மைல் வேகத்தில் ஊர்ந்தது. மிதிவண்டியின் வேகத்தைக்கூட எட்டாத அதற்கும் மக்கள் வரிசையில் நின்றனர்.

அதன்பின் வந்த பெருவண்டிகளில் பிரேக்காளர் ஒருவர் பயணிகளோடு அமர்ந்து வந்தார். எந்த மேட்டில் விடுவது, எந்தத் திருப்பத்தில் பிடிப்பது என்பதைக் கையாலும் கண்ணாலும் அறிந்தவர் அவர். மெல்போர்ன் நகரில் 1912இல் தொடங்கிய வண்டியிலும், கோபன்ஹேகன் நகரில் 1914இல் தொடங்கிய வண்டியிலும் இன்றும் அப்படி ஒருவர் அமர்ந்து வருகிறார். நம் கொல்லிமலை ஓட்டுநருக்கு அவர்களைத் தூரத்து உறவினர் என்று சொன்னால் பிழையாகாது.

பிரேக் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் வரலாறு சான்று வைத்திருக்கிறது. லண்டன் பாட்டர்சீ பூங்காவில் 'பிக் டிப்பர்' என்றொரு மரவண்டி இருந்தது. 1972 மே 30 அன்று, மேலே இழுத்துச் செல்லும் கயிற்றிலிருந்து வண்டி விடுபட்டுப் பின்னோக்கி உருண்டது. அவ்வாறு உருளாமல் பிடிக்க வேண்டிய அமைப்பு பிடிக்கவில்லை. ஐந்து குழந்தைகள் இறந்தனர். விளையாட அழைத்துச் சென்ற பிள்ளைகளை உயிரற்ற உடலாக வீட்டுக்குக் கொண்டுவந்த பெற்றோரை எண்ணிப் பார்க்கிறவர் யாரும், 'பிரேக் எதற்கு?' என்று கேட்கமாட்டார்.

இன்றைய வண்டிகளில் மூவகைப் பிரேக்குகள் உள்ளன. பயணத்தின் முடிவில் நிறுத்துவது ஒன்று. பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிக்கு மேல் நுழையாமல் காப்பது மற்றொன்று. 1959இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் எழுந்த மேட்டர்ஹார்ன் வண்டி இம்முறையால்தான் ஒரே பாதையில் பல வண்டிகளை ஓட்டிப் புகழ்பெற்றது. இவ்விரண்டும் இல்லையேல் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. நிறுத்த முடியும் என்ற உறுதி பிறந்த பிறகே மனிதன் அவ்வளவு உயரத்திலிருந்து விழத் துணிந்தான்.

மூன்றாம் வகையே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அது நிறுத்துவதுமில்லை, மோதலைத் தடுப்பதுமில்லை; ஓடும் வண்டியின் வேகத்தை நடுவழியில் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. பாதை தேய்கிறது, மரச்சட்டங்கள் அதிர்கின்றன என்ற காரணங்களால், கட்டி முடித்துச் சில ஆண்டுகள் ஓடிய பிறகும் இதனைப் பொருத்துவதுண்டு.

கொஞ்சம் குறைத்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் நுட்பம் இருக்கிறது. மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிற்றில் ஏதோ எழும்புவது போன்ற உணர்வு வருகிறதே, அதற்காகத்தான் மக்கள் இவ்வண்டியில் ஏறுகின்றனர். வளைந்த மேட்டில் விரைந்து செல்லும் வண்டி கீழ்நோக்கித் திரும்ப, உடலோ நேரே செல்ல முனைகிறது. உரிய வேகம் இருந்தால் இருக்கையின் மீது உடலின் பாரமே விழாது. இந்த விளைவு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. உடல் முற்றிலும் எடையிழக்கும் வேகத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக் குறைத்தால், எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடுகிறது. பாதை அதே பாதை, மேடு அதே மேடு. ஆனால் பறந்தவன் உட்கார்ந்துவிடுகிறான்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சீடர் பாயின்ட் பூங்காவில் 1991இல் திறக்கப்பட்ட 'மீன் ஸ்ட்ரீக்' என்ற மரவண்டி இதற்குச் சான்று. உயரம் 161 அடி. தேய்மானத்தைக் குறைக்க அதன் முதல் இறக்கத்திலேயே பிரேக் பொருத்தினர். வண்டிக்கோ எஞ்சின் கிடையாது. முதல் இறக்கத்தில் பெறும் வேகமே முழுப் பயணத்துக்கும் அதன் முதலீடு. அங்கே பறித்ததைப் பின்னால் எந்த மேட்டிலும் ஈடுசெய்ய இயலாது. மரத்தின் குலுக்கல் மிஞ்சியது, மகிழ்ச்சி குன்றியது. 2016இல் அதனை மூடினர். மரச்சட்டங்களில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, தடத்தை எஃகாக மாற்றி, 205 அடிக்கு உயர்த்தி, 2018இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' என்ற பெயரில் மீண்டும் திறந்தனர். இருக்கையை விட்டு உடல் எழும்பும் நேரம் அதில் மொத்தம் 27 விநாடிக்கு மேல் என்பது பூங்காவினர் கணக்கு. பிரேக்குகள் அதிலும் உண்டு. ஆனால் அவை வடிவமைப்போடு சேர்ந்து பிறந்தவை. தேய்மானத்துக்கு அஞ்சிப் பிரேக்கைக் கூட்டியவர்கள், தேயாத பாதையை அமைத்தபின் அச்சம் நீங்கினர்.

நம் தமிழில் முட்டுக்கட்டை என்ற சொல்லின் கதியை எண்ணிப் பாருங்கள். சரிவில் மாட்டுவண்டி உருண்டுவிடாதிருக்கச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை அது. உயிர் காத்த கட்டை. இன்றோ 'அவன் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறான்' என்று வசைக்கு மட்டுமே பயன்படுகிறது. ஏறும் வழியிலும் அந்தக் கட்டையை எடுக்காமல் விட்டவர்களால் வந்த பழி போலும்!

அரபு மொழியிலோ அறிவுக்கு 'அக்ல்' என்று பெயர். ஒட்டகத்தின் முன்காலை மடக்கிக் கட்டும் கயிற்றுக்கு 'இகால்' என்று பெயர். ஐன், காஃப், லாம் என்ற ஒரே வேரிலிருந்து பிறந்தவை இரண்டும். கட்டி நிறுத்துவதே அறிவு என்று பலரும் விளக்குவர். நாமும் பல்லாண்டுகள் வகுப்பில் அவ்வாறே விளக்கியிருக்கிறோம். ஆனால் பாலைவனத்து மனிதன் அந்தக் கயிற்றை எப்போது கட்டினான்? இறங்கித் தங்கும்போது கட்டினான். பயணம் புறப்படும்போது அவிழ்த்துவிட்டான். கால் கட்டிய ஒட்டகத்தின் மீது எவரும் பாலையைக் கடந்ததில்லை.

இதை எழுதும்போது பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். அரபு இலக்கணத்தில் வகுப்பை விட்டு வெகுதூரம் முன்னே ஓடினான். அடுத்த நூலைக் கேட்டு வந்தபோது, "மற்றவர்களும் வரட்டும், பொறு" என்றோம். மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அதே விடை. நான்காம் முறை அவன் கேட்கவில்லை. ஆண்டிறுதியில் எல்லோரையும் போலவே எழுதியிருந்தான். அவனுக்கு ஆபத்து ஏதும் இருக்கவில்லை. நம் பாடத்திட்டம் அதிருமே என்ற அச்சந்தான் இருந்தது. முதல் இறக்கத்தில் பிரேக்கைப் பொருத்தியவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை.

பிள்ளைகளை வளர்ப்போரும் கற்பிப்போரும் இரண்டு கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் போடும் தடை பிள்ளையைக் காக்கவா, நம் தேய்மானத்தைக் காக்கவா? தேய்மானம்தான் காரணம் என்றால், செப்பனிட வேண்டியது பாதையையா, பிள்ளையின் வேகத்தையா?

அன்று காரவள்ளிக்கு வந்து சேர்ந்ததும் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மாணவன் இறங்கிச் சக்கரத்தின் அருகே கையை நீட்டிப் பார்த்தான்.

"சூடே இல்லையே!" என்று வியந்தான்.

"அதான் தம்பி, இன்னும் எழுபது வளைவு இருந்தாலும் இறங்கலாம்" என்றார் ஓட்டுநர்.