தோல் வாங்கப் போன வழியில்

2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. முதலில் அவசரச் சட்டம், அப்புறம் சட்டமன்றத்தில் வைத்து நிறைவேற்றம். எதிர்ப்பு கிளம்பி 2004ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சட்டம் போனது. ஆனால் அதற்குள் இருந்த ஒரு பிரிவு என் மனதை விட்டுப் போகவில்லை. கட்டாயப்படுத்தியோ ஆசைகாட்டியோ ஒருவரை மதம் மாற்றினால் 3 ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம். மாற்றப்பட்டவர் மைனர், பெண், பட்டியல் சாதி, பழங்குடி இவர்களில் ஒருவர் என்றால் 4 ஆண்டு, ஒரு லட்சம். 1967 ஒரிசா சட்டத்திலும் 1968 மத்தியப் பிரதேசச் சட்டத்திலும் இதே ஏற்பாடு இருந்தது, தண்டனைக் கணக்குதான் வேறு.

இதை மேலோட்டமாக வாசித்தால் நம்மைக் காப்பாற்றுகிற பிரிவு மாதிரி தெரியும். கொஞ்சம் நின்று வாசியுங்கள். சின்னப் பிள்ளை, பொம்பளை, சேரிக்காரன், மலைக்காரன். இவங்களுக்கெல்லாம் சொந்த புத்தி கிடையாது, எவனாவது வந்து ஏதாவது சொன்னா அப்படியே நம்பிருவாங்க, அதனால கூடுதல் காவல் வேணும். இதுதான் அந்தப் பிரிவின் பொருள். சாமி கும்பிடுவதில் கூட நமக்கு ஒரு மேய்ப்பன் தேவை என்கிறார்கள்.

இந்த நினைப்பு சட்டம் எழுதியவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. வெள்ளைக்கார மிஷனரி வந்தான், கோதுமையும் பால்பவுடரும் கொடுத்தான், சேரி சனம் வேதத்துல சேர்ந்துச்சு என்று சொல்பவர்களில் நம் முற்போக்குத் தோழர்களும் உண்டு. சபை எழுதுகிற வரலாறும் இதையே தலைகீழாகச் சொல்கிறது. துரை வந்தார், இருளில் கிடந்தவர்களுக்கு ஒளி காட்டினார் என்கிறது. ஒருத்தர் திட்டுகிறார், ஒருத்தர் புகழ்கிறார். இரண்டிலும் துரைதான் செய்கிறவர், நம்ம சனம் செய்யப்பட்டது.

ஆனால் மிஷனரிகள் தாங்களே எழுதி வைத்த புத்தகங்களைக் கொஞ்சம் எதிர்த்திசையில் வாசித்தால் வேறு கதை கிடைக்கிறது. அந்தக் கதையில் செய்தியைச் சுமந்து போகிறவர் துரை இல்லை. தோல் வாங்கப் போகிறவர், செருப்புத் தைக்கிறவர், பெண் கொடுத்த ஊருக்கு விருந்துக்குப் போகிறவர். துரை பல இடங்களில் கடைசியில்தான் வருகிறார். சில இடங்களில் வரவே தயங்குகிறார்.

பஞ்சாபில் சியால்கோட் மாவட்டம். இன்றைக்கு அது பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே அமெரிக்காவின் ஐக்கிய பிரெஸ்பிட்டேரியன் மிஷன் 1855லிருந்து வேலை செய்தது. அவர்கள் கண் மேல்சாதிக்காரர்கள் மேல் இருந்தது. படித்தவன் வந்தால் மற்றவன் பின்னால் வருவான் என்று கணக்கு. நட்டு என்று ஒரு ஜாட் சாதி இளைஞர் ஞானஸ்நானம் வாங்கினார். நிலம் உள்ள குடும்பம், ஊரில் செல்வாக்கு. மிஷனுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அவருடைய சாதிக்காரர்கள் யாரும் பின்னால் வரவில்லை. நட்டு தேறாத கேஸ் என்று மிஷனரிகள் சலித்துக்கொண்டார்கள்.

அந்தத் தேறாத நட்டுதான் 1873ல் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு சியால்கோட்டில் சாமுவேல் மார்ட்டின் என்ற மிஷனரியின் வீட்டுக்கு வந்தார். கூட வந்தவர் பெயர் தித். சூஹ்ரா சாதி. மலம் அள்ளவும் செத்த மாடு தூக்கவும் ஊர் வைத்திருந்த சாதி. கறுத்த, குள்ளமான மனிதர், ஒரு கால் ஊனம், முப்பது வயது இருக்கும். ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்கி விற்பது தொழில். வந்ததுமே ஞானஸ்நானம் கொடுங்கள் என்றார்.

மார்ட்டினுக்குத் தயக்கம். எழுத்து தெரியாது, வேதபாடம் ஒழுங்காகப் படிக்கவில்லை, கொஞ்ச நாள் இங்கே தங்கிப் படிக்கட்டுமே என்று நினைத்தார். விசாரித்துப் பார்த்ததில் அவருடைய விசுவாசத்தில் குறை சொல்ல இடமில்லை. சரி என்று கொடுத்தார். கொடுத்தபின் தித் செய்ததுதான் மிஷனரியை இன்னும் குழப்பியது. இங்கேயே தங்கவில்லை, வேலை கேட்கவில்லை, பாதுகாப்பு கேட்கவில்லை. உடனே வீட்டுக்குப் போகிறேன் என்றார். முப்பது மைல், நொண்டிக் காலோடு.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாகிப் ஆயிட்டியா என்று கேலி. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி மாறினாய் என்று சண்டை. சோறு தண்ணி புழங்க மாட்டோம் என்று விலக்கல். அண்ணி முறையான ஒருத்தி, ஒரு கால்தான் ஏற்கெனவே போயிருக்கு, மத்த காலும் போகட்டும் என்று சபித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். தித் ஊரை விட்டு ஓடவில்லை. தோல் வாங்கப் போனார், வந்தார், பேசினார். இரண்டு மாதத்தில் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அதே முப்பது மைல் நடந்து சியால்கோட்டுக்கு வந்தார். பாடம் சொல்லிக் கொடுத்தது அவரே. இன்னும் ஆறு மாதம் கழித்து நாலு ஆண்களோடு வந்தார்.

இதற்கெல்லாம் மிஷன் ஒரு காசு செலவழிக்கவில்லை. தோல் வியாபாரத்துக்கு என்று ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. எந்த ஊரில் எந்த மாடு செத்தது, யார் வீட்டில் தோல் காயுது என்று தெரிந்துகொண்டு போகிற வழி. ஒவ்வொரு ஊரிலும் சொந்தக்காரன், பெண் எடுத்தவன், பெண் கொடுத்தவன். ஊர்க்காரர்கள் நம்மைத் தள்ளி வைத்த அந்தத் தொழிலும் உறவுமே செய்தி போகிற பாதையாகிவிட்டது. ஜாட் இளைஞரின் நிலத்துக்கும் செல்வாக்குக்கும் அந்தப் பாதை இல்லை. 1881 கணக்கெடுப்பில் பஞ்சாபில் இந்தியக் கிறிஸ்தவர்கள் சில ஆயிரம் பேர். 1931ல் ஏறக்குறைய நாலு லட்சம். பெரும்பகுதி சூஹ்ராக்கள். மிஷன்களுக்குள்ளேயே இதில் சங்கடம் இருந்தது. கீழ்ச்சாதிக்காரர்கள் இவ்வளவு பேர் வந்தால் நல்ல குடும்பத்தார் வரமாட்டார்களே என்ற கவலை.

இதே கவலை நமக்கு இன்னும் பக்கத்தில், ஆந்திரத்து ஓங்கோலில், ஏழு வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. 1866ல் அங்கே அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜான் கிளவ் வந்தார். அவரும் பிராமணர்களோடும் சூத்திரர்களோடும்தான் பேச்சைத் தொடங்கினார். அவருக்கு முன்னாலேயே யெர்ரகுண்ட்ல பேரய்யா என்ற மாதிகர் கிறிஸ்துவிடம் வந்துவிட்டார். இவரும் தோல் வியாபாரி! வியாபாரமாக வடக்கே போன இடத்தில் உறவுக்காரர் ஒருவர் மூலம் காதில் விழுந்த செய்தி. அதற்கு முன்பே சும்மா இருந்தவர் இல்லை. யோக மார்க்கத்துக் குருமார் வழியில் தேடிக்கொண்டிருந்தவர். நம்ம சனத்துக்கு ஆன்மீகம் என்றால் என்னவென்றே தெரியாது, பசி மட்டும்தான் தெரியும் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிளவின் இரண்டாம் மனைவி எம்மா ரௌஷன்புஷ் கிளவ், மாதிகர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு 1899ல் ஒரு புத்தகம் போட்டார். 'வைல் சூயிங் சாண்டல்ஸ்' என்று தலைப்பு. செருப்புத் தைத்துக்கொண்டே என்று அர்த்தம். குருவின் உபதேசமும் சரி, பிறகு கிறிஸ்துவின் கதையும் சரி, தைக்கிற கைக்கு நடுவில்தான் பரவின. தனியாகப் பிரசங்கம் என்று எழுந்து போகவில்லை.

பேரய்யாவும் அவர் மனைவி நாகம்மாவும் சுற்றுப்பட்டு ஊர்களில் பேசி வைத்திருந்தார்கள். 1867 ஜனவரியில் கிளவ் தல்லகொண்டப்பாடு என்ற ஊருக்குப் போனபோது புளியந்தோப்பில் சனம் காத்திருந்தது. 28 பேருக்கு ஞானஸ்நானம். துரை அங்கே விதைக்கப் போகவில்லை. பேரய்யா விதைத்ததைப் பார்க்கப் போனார். மாதிகர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று ஓங்கோல் மேல்சாதியார் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் நிறுத்திக்கொண்டார்கள். கிளவும் அவர் முதல் மனைவியும் அன்றைக்கு ஆளுக்கொரு அறையில் வேதாகமத்தைத் திறந்தபோது இரண்டு பேருக்கும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அதே பகுதி, உலகம் இழிவாக எண்ணுபவர்களைத் தேவன் தெரிந்துகொண்டார் என்ற பகுதி வந்ததாம். அதனால் மாதிகர்களோடு நின்றார்களாம். இருக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே பேரய்யா அங்கே இருந்தார்.

அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட செய்தி என்ன? திரித்துவமும் மீட்பியலும் அப்புறம்தான். அன்றாடத்துக்கு மூன்று விஷயம். விக்கிரகத்தைக் கும்பிடாதே. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே. செத்த மாட்டுக் கறி தின்னாதே. கேட்பதற்குச் சாதுவான பக்தி போல இருக்கிறது இல்லையா? ஒரு மாதிகரின் இடத்தில் நின்று பாருங்கள். மாதிகர் ஊருக்குச் செருப்பும் கவலைத் தோலும் தைத்துக் கொடுக்க வேண்டும், செத்த மாட்டைத் தூக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டும், திருவிழாவில் பறை அடிக்க வேண்டும். கூலி, அறுப்புக் களத்தில் போடுகிற தானியம். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்பது வாரம் ஒருமுறை வேலைநிறுத்தம். விக்கிரகம் இல்லை என்றால் ஊர்த் திருவிழாவுக்குப் பறை இல்லை. செத்த மாட்டுக் கறி இல்லை என்றால் அந்த மாட்டை உன் கூலியாக நினைக்காதே என்று ஊருக்குச் சொல்வது. ஜெபத்தின் பேரில் நடந்த கலகம் இது.

ஊர்க்காரர்களுக்கு இது உடனே புரிந்தது. வண்ணானை வெளுக்க வேண்டாம் என்றார்கள். குயவனைப் பானை விற்க வேண்டாம் என்றார்கள். மேய்ச்சலில் மாட்டை விரட்டினார்கள், களத்தில் தானியத்தை நிறுத்தினார்கள். அடியும் விழுந்தது. அப்படியும் நின்ற சனம்தான் தீவனத்துக்கு மதம் மாறியதாகச் சொல்லப்படுகிற சனம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கறியை விடச் சொன்ன மிஷனரியின் பேச்சில் சுத்தம், அசுத்தம் என்ற அக்கிரகார வாடையும் இருந்தது. இன்றைக்கு மாட்டுக்கறி தின்பதை உரிமையாகப் பேசுகிற நாம் அதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் வெட்டித் தின்பது வேறு, செத்ததைத் தின்னக் கட்டாயப்படுத்தப்படுவது வேறு. 1927ல் மஹாடில் அம்பேத்கர் செத்த மாட்டு மாமிசத்தை விடச் சொன்னபோது இந்த வேறுபாட்டைத்தான் சொன்னார். ஓங்கோல் மாதிகர்கள் அறுபது வருடம் முன்னாலேயே செருப்புத் தைத்துக்கொண்டு அதைப் பேசியிருக்கிறார்கள்.

1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். கிளவ் பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தம் எடுத்து வேலை கொடுத்தார். சோத்துக்கு மாறினார்கள் என்பதற்குச் சாட்சியாக இந்தக் கால்வாயைத்தான் காட்டுவார்கள். நிவாரண வேலை நடந்த காலம் முழுக்க அவர் ஞானஸ்நானம் கொடுப்பதையே நிறுத்தி வைத்திருந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். உதவி நின்ற பிறகு, 1878 ஜூலை 3ஆம் தேதி குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர். ஆறு போதகர்கள், இரண்டிரண்டு பேராக மாறி மாறித் தண்ணீரில் நின்றார்கள். கால்வாய் மண் சுமந்த இடைவேளையில் பேசியவர்களும் நம்ம ஆட்களான போதகர்கள்தான், மேஸ்திரிகளாக நின்றவர்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் மயிலாடி இருக்கிறது. அன்றைய திருவிதாங்கூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். மகராசன் என்ற சாம்பவர் சிவபக்தர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். நந்தன் போன அதே சிதம்பரம்! நந்தனுக்கு நெருப்பு. மகராசன் என்ன பார்த்தார், எதுவரை போக விட்டார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் சொந்தக்காரர்கள் வீட்டில் தங்கினார். அங்கே கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள், கோலாஃபின் பிரசங்கம் கேட்டார், வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். மயிலாடியில் பேசி ஒரு கூட்டத்தைச் சேர்த்தபிறகு தரங்கம்பாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரியைப் பார்த்து எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்தார். துரை 1806ல் வந்து சேர்ந்தார், 1816ல் போய்விட்டார். அடுத்த மிஷனரி வரும்வரை சபையைப் பார்த்துக்கொண்டவர் வேதமாணிக்கம். இதையும் ரிங்கல்தௌபே தென்திருவிதாங்கூருக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தார் என்றே பலர் எழுதுகிறார்கள். யார் யாரைக் கொண்டுவந்தது?

பெண்களைப் பற்றி எழுத மிஷன் புத்தகங்களில் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது. தித்தின் மனைவிக்கும் மகளுக்கும் கூட்டத்தில் ஒரு எண்ணிக்கைதான் இடம். நாகம்மாவுக்குப் பெயராவது மிஞ்சியது. நாற்று நடுகிற இடத்திலும் பிள்ளைப்பேறு பார்க்கிற வீட்டிலும் கதையைச் சொன்னவர்கள் அவர்கள்தான் என்பதைச் சேரியில் பிறந்தவர்களுக்குச் சான்று காட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. எங்க தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் சங்கீதங்களைப் பாட்டாகவே வைத்திருந்தார்கள். அறுப்புக்குப் போன ஊரிலெல்லாம் பாடுவார்கள், கேட்டவர்கள் கதை கேட்பார்கள்.

1950ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் வெளியே. பறையும் செத்த மாடும் வேண்டாம் என்று களத்துத் தானியத்தை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, உனக்குச் சாதியே கிடையாது என்று தாலுகா ஆபீசில் சொல்கிறார்கள். அதே பிள்ளைகள் செத்தால் கல்லறையில் தனி மூலை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவரே எழுப்பினார்கள். அதனால் ஓங்கோல் பக்கத்திலும் சரி, நம் பக்கத்திலும் சரி, எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் ஒன்று, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று. ஆபீசிலிருந்து விசாரிக்க ஆள் வருகிற அன்றைக்கு மட்டும், சுவரில் மாட்டியிருக்கிற சிலுவையை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவார்கள்.